சிவப்புச் சட்டியைத் தபாலில் அனுப்ப முடியாது

சேசு மரி சூசை

சென்ட் லோரன்ட், மொன்றியல்
பங்குனி 19, புதன்கிழமை

மகள் ஜென்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்குச் சுகத்தில் குறைவில்லை. நீ சுகமா என்று கேட்கும் மனநிலையில் இன்று நான் இல்லை. நீங்கள் மூவரும் சுவிஸில் பிறிபூர் போய்ச் சேர்ந்ததை யோசெப்பிடம் கேட்டுத்தான் அறிந்தேன். மகளின் விமானம் இறங்கிவிட்டதா என்று தாய் மகனிடம் விசாரித்து அறியவேண்டிய காலம் வந்திருக்கிறது. உனக்கு ஐந்து தடவை அழைப்பு எடுத்தேன். வாட்ஸப்பில் எழுதினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. ஆகவே கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது. கடைசிவரை வாசி.

முதலில், நீ வாசலில் நின்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். பனிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இனி நீங்களா உங்கட வாயால அவரைக் கூப்பிட்டால்தான் இந்த வீட்டுக்கு வருவம் அம்மா" என்றாய். யோசெப்புக்கும் ஜொய்சிக்கும் முன்னால் சொன்னாய். பெற்ற மகனும் மருமகளும் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படியில் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவி வேறு. அவளுக்குத் தமிழ் விளங்காதது என் புண்ணியம். அப்பாவின் ஆண்டுத் திருப்பலி முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அவர் படத்துக்கு வைத்த பூ வாடவில்லை. எழுபத்தெட்டு வயதில் எனக்கு நிபந்தனை போட்டுவிட்டுப் போகிறாய்.

பிறகு நாலு நாள் ரொக்ஸ்பரோவில் யோசெப் வீட்டில் இருந்திருக்கிறீர்கள். அங்கிருந்து என் வீடு பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகவும் வரவில்லை.

நான் என்ன குற்றம் செய்தேன் என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். நீயும் ஒழுங்காக வாசி.

உன் கணவரும் வருகிறார் என்று யோசெப் சொன்னபோது நான் மறுக்கவில்லை. பத்தொன்பது வருடமாக என் வாசலை மிதியாத மனிதர். இருந்தாலும், செத்தவருக்கு வைக்கும் பூசைக்கு வருகிறவரைத் தடுக்கக்கூடாது என்று இருந்தேன். என் அறையை உங்களுக்குத் தந்துவிட்டுத் தையல் மெசின் இருக்கும் அறையில் நான் படுத்தேன். புது விரிப்பு, புதுத் துவாய், அவருக்கென்று புதுக் கோப்பை, புதுக் கிண்ணம், புதுக் கிளாஸ். எதில் குறை வைத்தேன்? அவரோடு முகம் கொடுத்துக் கதைத்தேன். உணவகத்தில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்று கேட்டேன். குளிர் எப்படி என்று கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, தபசு காலம், மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் இல்லை. பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைக்க யோசித்திருந்தேன். அவர் வந்து, "மாமி, இண்டைக்கு நான் சமைக்கிறன், நீங்கள் இருங்கோ" என்றார். விட்டேன். ஐம்பது வருடத்தில் என் குசினியை இன்னொருவர் கையில் விட்டது அன்றுதான். அதை நீ எங்கேயும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தால் உடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு இரும்புச் சட்டி. ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பு. நீளமான முள்ளுக்கரண்டிகள் ஆறு, ஒவ்வொன்றின் பிடியிலும் ஒவ்வொரு நிறம். இரண்டு வகைச் சீஸ், ஒன்று கல்லுப்போல, மற்றது களிம்புபோல. அட்லாண்டிக் கடலுக்கு மேலால் சட்டி சுமந்து வருகிற ஒருவரை முதன்முதலில் பார்த்தேன். மொன்றியலில் சட்டி விற்பதில்லையா?

ஒரு பல்லு உள்ளியை இரண்டாக வெட்டிச் சட்டியின் உள்பக்கம் முழுவதும் தேய்த்தார். தேய்த்துவிட்டு எறிந்தார். ஆறு பேருக்கு ஒரு பல்லு, அதுவும் எறிவதற்கு. பிறகு வெள்ளை வைன் அரைப் போத்தல் ஊற்றினார். தபசு காலத்தில், அப்பாவின் படத்துக்கு நேரே. கொதித்தால் வெறி போய்விடும் மாமி, புளிப்பு மட்டும் நிற்கும், அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சீஸ் திரிந்துவிடும் என்றார். நான் விளக்கம் கேட்கவில்லை. துருவின சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மரக்கரண்டியால் எட்டு என்று இலக்கம் எழுதுவதுபோலக் கிண்டினார். வட்டமாகக் கிண்டினால் கயிறாகத் திரளுமாம். கையை எடுக்கவும் கூடாதாம். இருபது நிமிடம் அவர் கையை எடுக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். சோளமாவைச் செரிப்பழச் சாராயத்தில் கரைத்து விட்டார். சாதிக்காய் உரசினார். மிளகு தூவினார். அந்த மணம் இன்றைக்கும் என் திரைச்சீலையில் இருக்கிறது. இரண்டு தடவை தோய்த்துவிட்டேன்.

பாண் முதல் நாள் வாங்கியதாக இருக்கவேண்டுமாம். ஒவ்வொரு துண்டிலும் பொருக்கு இருக்கும்படி வெட்டவேண்டுமாம். நான் வெட்டினதைப் பார்த்துவிட்டு, பொருக்கு இல்லாத துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். மேசைக்கு நான் ஐஸ் போட்ட தண்ணீர்க் கூசா வைத்தேன். மேசையில் தண்ணீர் இல்லாமல் சாப்பாடு தொடங்கக்கூடாது என்று கன்னியர்மடத்தில் பழக்கியிருக்கிறார்கள். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். குளிர்தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் இறுகுமாம். எனக்குச் சூடாகப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார்.

சட்டியை நடுவில் வைத்து, பாணை முள்ளில் குத்தி இதற்குள் தோய்த்துச் சாப்பிடவேண்டும் என்று காட்டி, "மாமிதான் முதல்" என்றார்.

நான் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து என் நீலக் கரைக் கிண்ணத்தை எடுத்துவந்து, ஒருவரும் முள்ளை விடுவதற்கு முன், எனக்கு வேண்டியதை அகப்பையால் அள்ளிக்கொண்டேன். இதுதான் நான் செய்த குற்றம். இதற்காகத்தான் நீ எழும்பிப் போனாய்.

ஆறு பேர் வாயில் வைத்த முள்ளை மறுபடி மறுபடி ஒரே சட்டியில் விடுவதற்கு எச்சில் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியாது. பல்லால் பாணை இழுத்தால் முள்ளில் வாய் படாது என்று யோசெப் எனக்குப் பாடம் எடுத்தான். கன்னியர்மட விடுதியில் என் கோப்பைக்கு இலக்கம் நாற்பத்து மூன்று. பத்து வருடம் இன்னொருத்தியின் கோப்பையில் நான் சாப்பிட்டதில்லை, என்னுடையதில் இன்னொருத்தியை விட்டதும் இல்லை. உன் தகப்பனோடு ஐம்பத்தொரு வருடம் வாழ்ந்தேன். அவர் குடித்த தேத்தண்ணியில் நான் வாய் வைத்ததில்லை.

அப்போது லியா கேட்டாள். பதினாலு வயதுப் பிள்ளை, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கதைக்கிறவள். "அம்மம்மா, அண்டைக்கு சீனிப்பாகு என்ட குச்சியை நீங்கள் வாயில வைச்சீங்கள்தானே?" என்றாள். ஓம், வைத்தேன். போன புதன்கிழமை மேப்பிள் மரப் பாகு காய்ச்சும் தோட்டத்துக்குப் போனபோது, பனியில் ஊற்றிச் சுற்றின பாகுக் குச்சியை அவள் பாதி சூப்பிவிட்டு எனக்கு நீட்டினாள். பேரப்பிள்ளை. வாங்கிச் சூப்பினேன். அது வேறு. அது வேறு என்று நான் சொல்லவும், நீ கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, "எச்சில் எண்டால் எல்லாருக்கும் எச்சில்தான் அம்மா" என்றாய். அந்தச் சொல்லை இன்றுவரை எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன். கோபத்தில்தான்.

என் கோபம் முழுவதும் உன்னில் இல்லை. உன் கணவரில். இருபது வருடத்துக்கு மேலாகச் சமையற்காரர். சுவிஸ்காரருக்கே அவர்களுடைய சாப்பாட்டைச் சமைத்துக் கொடுக்கிறார் என்று நீ பெருமைப்படுகிறாய். நூறு சாப்பாடு தெரிந்த மனிதர், தனித்தனிக் கோப்பையில் போடக்கூடிய ஒன்றைச் சமைத்திருக்க முடியாதா? எல்லாரும் ஒரே சட்டியில் கை விடவேண்டிய ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கென்று சட்டியையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்றால் அது தற்செயல் என்று என்னை நம்பச் சொல்கிறாயா? அவர் என்னைச் சோதித்தார். என் வீட்டில், என் மேசையில் வைத்துச் சோதித்தார்.

சோதித்துவிட்டுக் கோபித்தாரா? அதுவும் இல்லை. பாண் குத்தின முள்ளைக் கீழே வைத்துவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல், மற்றவர்களுக்கு அடிப்பிடிக்காமல் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். நீ அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் அடுப்பை அணைத்து, சட்டியின் அடியில் பிடித்த பொருக்கைச் சுரண்டி ஒரு தட்டத்தில் வைத்து, இன்னொரு தட்டத்தால் மூடிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் கண்டேன். அடிப்பிடித்ததை எனக்கு விட்டுப் போயிருக்கிறார்! சாப்பாட்டை எறியக்கூடாது என்று பழக்கியிருப்பதால் எறியாமல் பிரிஜ்ஜில் வைத்திருக்கிறேன். பச்சைப் பிடி முள்ளில் அவர் குத்தின பாண் துண்டு அப்படியே காய்ந்து இருக்கிறது. அதையும் நான் தொடவில்லை.

சட்டியும் அடுப்பும் முள்ளுகளும் என் குசினியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. தபாற்கந்தோருக்குத் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது. ஆரும் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

பங்குனி 22, சனிக்கிழமை

இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை தபாலில் போட இருந்தேன். ஜொய்சி வந்து குழப்பிவிட்டாள்.

அவள் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தாள். பிரிஜ்ஜைத் திறந்து அடுக்கும்போது அந்தத் தட்டத்தைக் கண்டுவிட்டு, "மாமி, இதை இன்னும் சாப்பிடேல்லையா?" என்றாள். அடிப்பிடித்ததை ஏன் சாப்பிடவேண்டும் என்று கேட்டேன். அவள் பிரிஜ் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள். சட்டியின் அடியில் கடைசியாகப் பொருகுவதுதான் அந்தச் சாப்பாட்டிலேயே சிறந்ததாம். அதற்காகக் கடைசிவரை நெருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்களாம், கூடினால் கரியும், குறைந்தால் பொருகாது. எல்லாரும் அதற்குச் சண்டை பிடிப்பார்களாம். மேசையில் யாருக்கு மதிப்போ அவருக்குக் கொடுப்பார்களாம். அதற்குக் கன்னியாஸ்திரி என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டிக் கருகலுக்கு வைக்கிற பெயரா அது? ஜொய்சி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

போகும்போது இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் உங்கள் வீட்டில் நின்ற நாட்களில் வந்து போகும்போது ஒன்றைக் கவனித்தேன் மாமி, என்றாள். உன் கணவருக்கென்று நான் வாங்கின புதுக் கோப்பையையும் கிளாஸையும் ஒவ்வொரு முறையும் அவரே கழுவி, மற்றக் கோப்பைகளோடு அடுக்காமல் யன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்தாராம். ஒருவரும் சொல்லாமலே முதல் நாளில் இருந்தே. நான் அதைப் பார்த்தேனா என்று கேட்டாள். ஓம், பார்த்தேன். ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன் என்றேன். ஜொய்சி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். மருமகள் மாமியைப் பார்க்கிற பார்வை அல்ல அது.

இவளும் உன் பக்கம். யோசெப்பும் உன் பக்கம். புதன்கிழமை சூசையப்பர் திருநாள், அவனுடைய நாமவிழா, வாழ்த்துச் சொல்ல எடுத்தேன். நன்றி அம்மா, வேலையில் நிற்கிறேன் என்று வைத்துவிட்டான்.

நேற்றுச் சிலுவைப்பாதைக்குப் போனேன். முடிய பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னார்ப் பக்கத்து இளம் சுவாமி. கோபப்பட்டேன் சுவாமி என்றேன். யாரோடு என்று கேட்டார். குடும்பத்தாரோடு என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்றுதானா என்று எனக்கே பட்டது. வாங்கில் முழந்தாளிட்டு மூன்றையும் சொல்லி முடித்தபிறகும் எழும்ப மனம் வரவில்லை. முழங்கால் நோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அப்பா உங்களிடம் வந்த கதையை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. லியா பிறந்த வருடம், எனக்குப் பொய் சொல்லாமல், ஆனால் என் அனுமதியும் கேட்காமல், தனியே விமானம் ஏறி வந்தார். மூன்று கிழமையில் திரும்பினார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அக்னெஸ், அந்தப் பெடியன் எங்கள் எல்லாரையும் ஒரே சட்டியில சாப்பிட வைச்சான்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அவருக்குக் குளிக்க வெந்நீர் திறந்துவிட்டேன். பயணக் களைப்புக்கு என்றுதான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்டிவிடலாம். ஆனால் மையால் எழுதியாயிற்று, வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும்.

பங்குனி 28, வெள்ளிக்கிழமை

இன்னும் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. சரி.

இன்று அதை நானே செய்து பார்த்தேன். ஏன் என்று கேட்காதே. வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை, சட்டியும் இருக்கிறது.

அவர் பிரிஜ்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளில் செய்முறை எல்லாம் இருக்கிறது. நீதான் ஒட்டினாய் என்று முதலில் நினைத்தேன். அவருடைய கையெழுத்து. எழுத்து உருண்டையாக, நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அப்படி எழுத வராது. இரண்டு சீஸின் பெயரையும் எழுதி, இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். பஸ் எடுத்துப் போய் வாங்கினேன். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக மதுக்கடைக்குள் நுழைந்தேன், கறுப்புக் கோட்டும் கையில் செபமாலையுமாக. காசாளர்ப் பெடியன் "பொன்ஜூர்" சொல்லிவிட்டு எந்த வைன் என்று கேட்டான். சமையலுக்கு என்றேன் ஆங்கிலத்தில். மூன்று தடவை சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கவேண்டும் என்று.

உள்ளி தேய்த்தேன். நானும் எறிந்தேன். வைன் ஊற்றினேன். அப்பாவின் படம் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு எட்டாகக் கிண்டினேன். சீஸ் உருகி, பட்டுப்போல, வழுவழுவென்று வந்தது ஜென்சி. உண்மையாக வந்தது. நான் தனியே நின்று அதைப் பார்த்தேன். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

கையை எடுக்கக்கூடாது என்று தெரியும். எடுத்துவிட்டு ஓடினேன். நீ என்று நினைத்தேன். வீட்டுக் காற்றுக் குழாய் துப்பரவு செய்கிறோம் என்று பிரெஞ்சில் யாரோ. திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் சீஸ் ஒரு பக்கம் இறப்பராகவும் தண்ணீர் ஒரு பக்கமாகவும் பிரிந்து கிடந்தது. எவ்வளவு கிண்டியும் சேரவில்லை.

மேசையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் இருந்தேன். பிறகு பிரிஜ்ஜைத் திறந்து அந்தத் தட்டத்தை எடுத்தேன். இரண்டு கிழமைப் பொருக்கு, தோல்போல ஆகிவிட்டது. சாப்பிட்டேன். ஆறு பேருக்கென்று வைத்த சட்டியின் அடி அது. கீழ்ப் பல்லு ஒன்று ஆடத் தொடங்கியிருக்கிறது, முழுவதையும் சாப்பிட்டேன்.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன். மறைத்த பாவத்துக்கு மன்னிப்பில்லை என்று முதல் நன்மைக்கு எங்களை ஆயத்தப்படுத்தின சிஸ்டர் சொல்லித் தந்தது. சுவாமியிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

முதல் நாள் ஒரு கிண்ணம் என்று எழுதினேன். இரண்டு கிண்ணம். நீ அங்கே இருந்தாய், உனக்குத் தெரியும். என் கைதான் எழுத மறுத்தது. எனக்கு அள்ளினபிறகு, அவருக்கென்று வாங்கின புதுக் கிண்ணத்தை எடுத்து, அதில் ஓர் அகப்பை அள்ளி அவருக்கு முன்னால் வைத்து, "உங்களுக்கு இதில" என்றேன். சமைத்த மனிதருக்கு, அவருடைய சட்டியிலிருந்து. பிறகு மற்றவர்களைப் பார்த்து, இனி நீங்கள் சாப்பிடுங்கோ என்றேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "பரவாயில்லை மாமி" என்று சொல்லி அதை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தினார். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் வருகிறது. அவர் ஒரு சொல் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும்.

அவருடைய தகப்பன் எங்கள் வளவில் தேங்காய் பறிக்க வருவார். உனக்குத் தெரியும், அதற்காகத்தான் உன் கலியாணத்துக்கு நான் வரவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று. அவர் தேத்தண்ணி குடிக்க என் தாய் ஒரு தகரப் பேணி வைத்திருந்தா. குசினிக்கு வெளியே வேலிக் கப்பில் கவிழ்த்துக் கிடக்கும். குடித்துவிட்டு அவரே கழுவி அவரே கவிழ்ப்பார். விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தால் ஊற்றுவது என் வேலை. பேணியில் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். ஒரு துளி சிந்தாமல் ஊற்றுவேன். அக்னெஸ் எவ்வளவு நேர்த்தி என்று வீட்டில் மெச்சுவார்கள்.

அன்றைக்கும் அகப்பையிலிருந்து ஒரு துளி சிந்தவில்லை.

அந்தப் பேணி ஊரில் துருப்பிடித்துப் போயிருக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது என் கையோடு வந்திருக்கிறது. கடைக்குப் போய், அவருக்கென்று நல்லதாகப் பார்த்து, பூப்போட்டதாக வாங்கியிருக்கிறேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நீ சொல்லாமல் போனதற்குக் கோபம் இருக்கிறது. யோசெப்பிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய கோபம் யாரில் என்று நீ கேட்கவேண்டாம், நான் எழுதவும் மாட்டேன். புதுக் கோப்பையையும் கிளாஸையும் கிண்ணத்தையும் இன்று மற்றவற்றோடு சேர்த்து அலுமாரியில் அடுக்கிவிட்டேன். எது எது என்று இனி எனக்கே தெரியாது. என் கண் அப்படி.

லியாவுக்குச் சொல், அவள் கேட்டது சரியான கேள்வி. அவளுடைய தமிழில் "சீனிப்பாகு" என்பதற்குப் பிறகு ஒரு சொல் விடுபட்டிருந்தது, மற்றப்படி பிழை இல்லை. பல்லைக் கவனமாகத் துலக்கச் சொல். நீ வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போ, உனக்குச் சளி பிடித்தால் மாதக்கணக்கில் விடாது.

என் வாயால் கூப்பிடவேண்டும் என்றாய். தொலைபேசியை நீ எடுப்பதில்லை. ஆகவே கையால் எழுதுகிறேன். கீழே உள்ளதை அவரிடம் வாசிக்கக் கொடு. நீ வாசித்துக் காட்டவேண்டாம், அவரே வாசிக்கட்டும்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக.

அம்மா

மருமகன் றொக்சனுக்கு,

உங்கள் சட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பாரமான சட்டி, தபாலில் அனுப்ப முடியாது. முள்ளுகளைக் கழுவி வைத்திருக்கிறேன். பச்சைப் பிடி முள்ளை நேற்றுவரை தொடவில்லை. இன்று நான் வைத்ததை அதால்தான் சாப்பிட்டேன், நேரே சட்டிக்குள் விட்டு.

நீங்கள் எழுதிவைத்தபடியே செய்தேன். நடுவில் கையை எடுத்துவிட்டேன், திரிந்துவிட்டது. திரிந்தபிறகு சேர்க்க ஏதும் வழி இருக்கிறதா, அல்லது முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டுமா? தாளில் அதை நீங்கள் எழுதவில்லை. எழுதி அனுப்பினாலும் எனக்கு விளங்காது. வந்து பக்கத்தில் நின்று காட்டவேண்டும்.

பாணை முதல் நாளே வாங்கி வைப்பேன். பொருக்கு இருக்கும்படி வெட்டப் பழகியிருக்கிறேன். மேசையில் சட்டி மட்டும்தான் இருக்கும். நீங்கள் முதலில் முள்ளை விடவேண்டும், நான் பிறகு.

உங்கள் தகப்பனாரின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அத்தனை வருடம் ஊற்றிக் கொடுத்தேன், முழுப் பெயர் எனக்குத் தெரியாது. வருகிற மாதம் அவருக்கும் சேர்த்து ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமி அக்னெஸ்